பேசும்போதே கேட்பவள்

பட்டனை அழுத்தினால் ஒரு ‘டக்’, விட்டால் ஒரு ‘டக்’. அந்த ரிலேக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்று மாலை துறைமுக ரேடியோ அறையில் அவள், கடலில் மிச்சமிருந்த ஒரே படகுக்கு வானிலையைச் சொல்லிவிட்டு மைக்கின் பட்டனை விட்டாள். வழக்கமான ‘டக்’ கேட்டது. அடுத்த மூச்சுக்குள் இன்னொன்றும் கேட்டது. ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல், யாரோ வாயைப் பொத்தினாற்போல நின்றுபோனது. சற்றுப் பொறுத்து மூன்றாவதாக ஒரு ‘டக்’. இரைச்சல் திரும்பி வந்தது.

மைக் மேஜைமேல் கிடந்தது. அவள் கை மடியில் இருந்தது.

“அண்ணே, இப்ப ஒரு சத்தம் கேட்டீங்களா?”

ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து ரெயின்கோட்டின் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த துறைமுக மெக்கானிக் நிமிர்ந்தார். “உன் வயித்துச் சத்தமா இருக்கும். மத்தியானம் சாப்பிட்டியா தங்கச்சி?”

“ரிலே தானா அடிக்குது.”

அவர் எழுந்து வந்து ரிலேயின் மூடியைத் திறந்தார். சூடேறிய தூசியின் வாசனை, கூடவே கடல் ஈரத்தின் வாசனை. உள்ளே எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அவர் கைப்பட வைத்த ரிலே அது. முன்பு டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு ஆன்டெனாக் கம்பம், ரிசீவருக்கு ஒன்று என்று கட்டடத்தின் தலையில் இரண்டு இருந்தன. போன புயலில் ஒன்று சாய்ந்தது. மேலிடத்துக்கு எழுதிப் பார்த்து அலுத்துப்போய், மெக்கானிக் மிஞ்சிய ஒரே ஆன்டெனாவை இரண்டு பெட்டிக்கும் பொதுவாக்கிவிட்டார். “ஒரே பாத்ரூம், ரெண்டு குடித்தனம். ஒருத்தர் உள்ள போனா தாழ்ப்பாள். மத்தவர் வெளியதான் நிக்கணும்” என்று அன்று விளக்கம் வேறு சொன்னார். பட்டனை அழுத்தினால் ரிலே ஆன்டெனாவை டிரான்ஸ்மிட்டருக்கு மாற்றிவிடும். அவள் பேசலாம், எதுவும் காதில் விழாது. விட்டால் ரிசீவருக்கு வரும். கேட்கலாம், பேச முடியாது. படகிலிருக்கும் செட்டும் அப்படித்தான். அதனால்தான் பேசி முடித்ததும் ‘ஓவர்’ சொல்வது. நான் முடித்தேன், காதைத் திறந்துவிட்டேன், இனி நீ பேசு என்று அதற்குப் பொருள்.

“பனி ஈரம் உள்ள இறங்கியிருக்கும்” என்றார் மெக்கானிக், மூடியைப் போட்டபடி. “பேய் கீய்னு பயந்துடாத. பேய்க்கும் லைசென்ஸ் இல்லாம இந்தச் சானல்ல பேச அனுமதி இல்ல.”

அவள் சிரித்தாள். சிரிக்கிற நிலையில் அவள் இல்லை, ஆனாலும் அவர் சொல்லும்போது சிரிக்காமல் இருக்க முடியாது.

மெக்கானிக் தொப்பியை மாட்டிக்கொண்டு, அலைதடுப்புச் சுவரின் முனைக்குக் கிளம்பினார். அங்கே, பனிமூட்டத்தில் படகுகளுக்குத் திசைகாட்ட ஊதும் பனிஹார்னின் மோட்டார் கொஞ்ச நாளாகவே படுத்துக்கிடந்தது, கையால்தான் சுற்ற வேண்டும். “உன் தம்பி உள்ள வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கேன். நீ பேசு, நான் ஊதுறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். படியிறங்கும் அவருடைய டார்ச் வெளிச்சத்தை மூன்றாம் படியிலேயே பனி விழுங்கிவிட்டது.

மதியத்திலிருந்தே அப்படித்தான் விழுங்கிக்கொண்டு வந்தது அந்தப் பனி, முதலில் கடலை, பிறகு சுவரை, பிறகு வாசலில் நின்ற சைக்கிளை. இப்போது ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, அழுக்குப் பஞ்சை அழுத்தி ஒட்டி வைத்தாற்போல ஒரு வெளுப்பு மட்டும் மெல்ல இருட்டிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டும் நீர் தகரத்தில் விழும் சத்தமும், பெட்டிகளின் உறுமலும், தூரத்தில் மெக்கானிக் சுற்றத் தொடங்கிய ஹார்னின் நீண்ட அழுகையும் அந்த அறையை முன்னைவிடச் சின்னதாக்கின. எல்லாப் படகும் கரை ஏறியாயிற்று. சுண்டுவின் படகு மட்டும் பாக்கி.

சுண்டு அவளுடைய தம்பி. இப்போது வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், ஆனாலும் பிறந்தபோது வைத்த செல்லப்பெயர் போகவில்லை. கூட வரும் ஆளுக்குக் காய்ச்சல் என்று இன்று தனியாகப் போயிருந்தான். அவள் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா, “அவனைக் கையோட கூட்டிட்டு வந்துடு” என்று மட்டும் சொன்னாள். அதைக் கெஞ்சலாகச் சொன்னாளா கட்டளையாகச் சொன்னாளா என்று அவளுக்குப் புரியவில்லை.

ஸ்பீக்கர் கரகரத்தது.

“அக்கா, சுண்டு பேசறேன். நீ சொன்ன மாதிரியே திருப்பிட்டேன். ஓவர்.”

அவள் பட்டனை அழுத்தினாள். “எதைத் திருப்பினே? நான் வானிலைதானே சொன்னேன்? ஓவர்.”

“அதுக்கப்புறம் சொன்னியே, ஹார்னை வலது கைப்பக்கம் வெச்சுக்கிட்டு வான்னு. ஓவர்.”

துறைமுகத்துக்குள் நுழையும் படகு ஹார்னை இடப்பக்கம் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். வலப்பக்கம் வைத்தால் சுவரின் மறுபுறம் போய்விடும். அங்கே இருப்பது பாறை. தண்ணீருக்கு மேலே தலைகாட்டாத பாறை.

“டேய், இடது! இடது கைப்பக்கம். வலதுன்னு யார்டா சொன்னா? மறுபடி திருப்பு. ஓவர்.”

“நீதான் சொன்னே. உன் குரல் எனக்குத் தெரியாதா? சரி சரி, கத்தாத, இடது. எங்க அக்கா எதையும் ஓவராத்தான் பண்ணுவா. ஓவர்.”

அது அவர்களுக்குள் பழைய கேலி. வீட்டில் சாப்பிடக் கூப்பிடும்போதுகூட வாய் தவறி ‘வா, ஓவர்’ என்று சொல்லிவிடுவாள், அவன் தட்டோடு விழுந்து விழுந்து சிரிப்பான். இப்போது அந்தக் கேலி கேட்டதும் உடம்பில் கொஞ்சம் உயிர் வந்தது. வேறு ஏதோ படகு, வேறு ஏதோ பெண், சானல் கலந்துவிட்டது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள்.

‘டக்.’

இரைச்சல் நின்றது. மைக் அவள் கையில்தான் இருந்தது, விரல் பட்டனை விட்டுத் தள்ளியே இருந்தது. ஆனால் டிரான்ஸ்மிட்டரின் முகப்பில் இருந்த முள் எழுந்தது. எழுந்து, ஒரே இடத்தில் நிற்காமல், ஆடியது. அவள் பேசும்போது எப்படி ஆடுமோ அப்படி. ஒரு வார்த்தைக்கு உயரும், மூச்சுக்குத் தாழும், அடுத்த வார்த்தைக்கு மறுபடி உயரும். அறையில் ஒரு சத்தமும் இல்லை. முள் மட்டும் சாவகாசமாக எதையோ யாருக்கோ எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் டிரான்ஸ்மிட்டரின் சுவிட்சை அணைத்தாள். விளக்கு அணைந்தது. முள் ஆடியது.

‘டக்.’

“சரிக்கா” என்றான் சுண்டு. “வலதுன்னா வலது. ஆனா ஒண்ணு, மாத்தி மாத்திச் சொல்லாத, எனக்குத் தலை சுத்துது. ஓவர்.”

அவள் சுவிட்சைப் போட்ட வேகத்தில் நகம் மடங்கியது. “சுண்டு, கேளு. அது நான் இல்ல. வேற யாரோ என் குரல்ல பேசறாங்க. என் பெட்டி வழியாவே பேசறாங்க. இடது பக்கம் போ. நான் பேசி முடிச்சா ஓவர் சொல்லுவேன், அவ சொல்லமாட்டா. அதை வெச்சு என்னைக் கண்டுபிடி. ஓவர்.”

சொல்லி முடித்தபிறகுதான் செய்த தப்பு உறைத்தது. ஊருக்கே கேட்கும் சானலில், யாருக்குத் தெரியக்கூடாதோ அவள் காதிலேயே ஓதியாயிற்று.

‘டக்.’ முள் ஆடியது. இரண்டே அசைவுகள். ‘டக்.’

“இப்ப அவளும் ஓவர் சொல்றாளேக்கா.” சுண்டுவின் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டிருந்தது. “அக்கா, இன்னொண்ணு. இதை உன்கிட்ட கேக்கலாமா வேணாமான்னே தெரியல. நான் பட்டனை அழுத்திப் பேசிட்டிருக்கும்போது நீ எப்படி ‘ம்’ கொட்டறே? ஓவர்.”

“என்னடா சொல்றே? ஓவர்.”

“கதை கேக்கற மாதிரி, ம், ம்னு. நான் பேசப் பேச. என் செட்டு அப்ப கேக்கவே கேக்காதே. பட்டனை அழுத்தினா எனக்குக் காது கிடையாதே. இதோ, இப்பகூட கொட்டறே.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அறையில் ஒரு முனகல்கூட எழவில்லை.

ஓடிப்போய் மெக்கானிக்கைக் கூட்டி வரலாமா? சுவரின் முனை தொலைவு. போய்த் திரும்பும் வரைக்கும் மைக் அனாதையாகக் கிடக்கும். தம்பியை அந்த இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவதற்குச் சமம் அது. ஹார்ன் மறுபடி நீளமாக அழுதது. பாவம், அந்த மனிதர் தோள் வலிக்கச் சுற்றிக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று ஹார்னுக்குச் சொல்லத் தெரியாது.

“அக்கா, ரெண்டு பேர்ல யார் நீன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்” என்றான் சுண்டு. பின்னால் என்ஜின் சத்தம் மெதுவாகியிருந்தது. “சின்ன வயசுல எனக்கு ஜுரம் ஏறிப் பிதற்றினேனே, அந்த ராத்திரி. விடியற வரைக்கும் என் காதுல ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டிருந்தே. என்னது அது? ஓவர்.”

அவளுக்குத் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தூங்கினால் செத்துவிடுவானோ என்று பயந்து, அவன் காதோடு வாயை வைத்து, ‘நான் இங்கேயேதான் இருக்கேன்’ என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பட்டனை அழுத்தினாள்.

‘டக்’ கேட்கவில்லை. ரிலே ஏற்கெனவே டிரான்ஸ்மிட்டர் பக்கம் சாய்ந்திருந்தது, இன்னொருத்தி முந்திக்கொண்டிருந்தாள்.

“நான் இங்கேயேதான் இருக்கேன்! சுண்டு! நான் இங்கேயேதான்...” அவள் கத்தினாள். முள் அவள் கத்தலுக்கு அசையவில்லை. அது தன்பாட்டில் மெல்ல ஏறி, மெல்ல இறங்கி, ஒரு குழந்தையின் காதில் சொல்வதுபோல ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அசைவை எண்ணாமலே அவளுக்குப் புரிந்தது. அதே சொற்கள்தான்.

‘டக்.’

“அதேதான்” என்றான் சுண்டு. பெருமூச்சு விட்டான். “அப்பாடா. அப்ப வலதுன்னு சொன்னது நீதான். வந்துட்டேன்க்கா.”

அவள் மேஜையைத் தாண்டிப் பாய்ந்து ரிலேயின் மூடியைப் பிய்த்தாள். இருந்தது ஒரே ஆன்டெனா. அதை யார் பிடித்துக்கொள்கிறார்களோ அவர்களுக்குத்தான் தம்பி. ஆன்டெனாவின் கேபிளைத் திருகி ரிலேயிலிருந்து உருவி, டிரான்ஸ்மிட்டரின் பின்புறத்தில் நேராகச் செருகினாள். இனி இடையில் தாழ்ப்பாள் கிடையாது. அவள் மட்டும்தான் உள்ளே. பட்டனை அழுத்தியபடியே பேசினாள், மூச்சு வாங்காமல் பேசினாள். “சுண்டு, என்ஜினை நிறுத்து. நிறுத்திட்டு ஹார்னைக் கேளு. இடது கைப்பக்கம் வர்ற மாதிரி திரும்பு. அம்மா உன்னைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அவளுக்கு எல்லாம் தெரியுதுடா, ஆனா அவ நான் இல்ல. எனக்குப் பதில் சொல்லாத, திரும்பு. இடது. இடது. இடது.” முள் அவளுக்காக ஆடியது. அவளுக்காக மட்டும். அழுகை வந்தது, அதையும் பேச்சோடு சேர்த்து அனுப்பினாள்.

ஆனால் அவன் கேட்டானா?

கேபிளை உருவினாள். ரிசீவரில் செருகினாள். முதல் தடவை அது நழுவியது.

அப்போதுதான் அந்தக் குரலை அவள் முதன்முதலாகக் கேட்டாள். அவள் குரலேதான். அவளுடைய அவசரம் மட்டும் இல்லாத அவள் குரல். அதட்டல் இல்லை, கண்டிப்பு இல்லை. ஜுரம் கண்ட பிள்ளையிடம் ஒரு காலத்தில் பேசிய குரல். அதைக் கேட்டதும் அவளுக்கே அதன் பக்கத்தில் போய் உட்கார வேண்டும்போல இருந்தது, அதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

“அவ கத்திட்டே இருக்காக்கா” என்று சுண்டு சொல்லிக்கொண்டிருந்தான். “இடது இடதுன்னு.”

“ம்” என்றது குரல்.

“நான் கேட்டதுக்கு ஒரு பதிலும் சொல்லல. ‘எங்கே இருக்கே’ன்னு கேட்டேன். ‘அழறியா’ன்னு கேட்டேன். அவ பாட்டுக்குக் கத்தறா.”

“ம்.”

“கேக்காம பேசறவ எப்படிக்கா என் அக்காவா இருக்க முடியும்?”

“வா” என்றது குரல். “வலது பக்கமே வா. இதோ இங்கேதான்.”

அவள் கேபிளை உருவினாள். டிரான்ஸ்மிட்டர். “உன் பேச்சு எனக்குக் கேக்கலடா! ஒரே ஆன்டெனாடா! பேசினா கேக்காது, கேட்டா பேச முடியாது! நான் அழறேன், ஆமா அழறேன்!” உருவினாள். ரிசீவர்.

“...தெரியுது, தெரியுது. பனியில உன் புடவைதான் தெரியுது.” சுண்டு சிரித்தான். “ஏன்க்கா தண்ணியில நிக்கறே?”

அவளைச் சுற்றி நான்கு சுவர்கள் இருந்தன. மூடிய கதவு. காய்ந்த தரை.

டிரான்ஸ்மிட்டர். “அது நான் இல்ல!” ரிசீவர்.

என்ஜின் சத்தம்.

மரம் கல்லில் உரசும் சத்தம். நீளமாக. அவசரமே இல்லாமல்.

பிறகு தண்ணீர்.

பிறகு எதுவும் இல்லை.

இரைச்சல்கூட இல்லை. வெளியே ஹார்ன் அழுதது, நின்றது, மறுபடி அழுதது. மெக்கானிக் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் அவள் கண்முன் வந்தது. எப்படிப் போய்ச் சொல்வது, எந்த வாயால் சொல்வது என்று நினைத்தாள், அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் ரிசீவரிலிருந்து கேபிளைப் பிடுங்கினாள். இரண்டு பெட்டிகளின் மின்சாரத்தையும் அணைத்தாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அவிந்தன. உறுமல் அடங்கியது. இருட்டில், எதிலும் சேராத கேபிள் முனையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள்.

“சுண்டு” என்றாள். மைக்கில் இல்லை. யாரிடமும் இல்லை. சும்மா.

“சொல்லுக்கா.”

செத்துக்கிடந்த ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை அது.

“நான் இன்னும் பட்டனை விடவே இல்லக்கா” என்றான் சுண்டு, ஆச்சரியமாக. “அழுத்திப் பிடிச்சுட்டுத்தான் இருக்கேன். ஆனா நீ பேசறது கேக்குது. மூச்சு விடறதுகூடக் கேக்குது.”

அவன் முடிப்பதற்குள், அவன் பேச்சின் மேலேயே, இன்னொரு குரல் பேசியது. அவள் குரல். ஒருவர் முடிக்கட்டும் என்று மற்றவர் காத்திருக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் கேட்டார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து அவளை அக்கா என்று கூப்பிட்டார்கள்.

பேசுகிறவரின் தொண்டையில் கையை வைத்தால் துடிக்குமே, அப்படி அவள் கைக்குள் துடித்தது கேபிள். வெதுவெதுப்பாக. ஈரமாக.